சுலோஜனாவின் சாவுப் பள்ளிக்கூடம்

பிழைக்கு நான் புள்ளி போடுவதில்லை. அரைப் புள்ளிகூடப் போட்டதில்லை. பழுகாமத்துக்கு அப்பால் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பதினேழு வருடமாக நாலாம் ஆண்டு படிப்பிக்கிறேன். குருக்கள்மடத்தில் பாதை என்கிற மிதவைப் படகேறி, வாவி கடந்து, பஸ் பிடித்து வந்து போகிறேன். பெற்றோர் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். சுலோஜனாவைப் பற்றிச் சொல்வதென்றால் இதை முதலில் சொல்லியாக வேண்டும்.

சுலோஜனாவுக்கு முப்பத்திரண்டு வயதிருக்கும். அரிசி ஆலையில் வேலை. கொதிக்கும் சீமெந்துத் தளத்தில் வெறுங்காலோடு நடந்து நெல்லைக் கிளறிக் காயவைப்பாள். யுத்தத்தில் இடம்பெயர்ந்த வருடம் எட்டாம் ஆண்டோடு படிப்பு நின்றது. கணவன் கேதீசன் கட்டாருக்குப் போய் ஐந்து வருடம். பள்ளிப் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. உண்மையில் அவன் வாகரையில் வேறொருத்தியோடு இருந்தான். அது சுலோஜனாவுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். 'கட்டாருக்கு இப்ப வாகரை பஸ்ஸிலயும் போகலாமாம்' என்று கடைவாசலில் பகிடி விடுவார்கள். மகள் விதுர்ஷாவின் காதில் மட்டும் யாரும் போடவில்லை. அந்த ஊர் அவளுக்குச் செய்த தயவு அது ஒன்றுதான்.

விதுர்ஷாவுக்கு ஒன்பது வயது. கேதீசன் விதுர்ஷா என்று தன் பெயரை எழுதுவாள். அதற்கு மேல் ஒரு வரி வாசிக்க வராது. ஓகஸ்ட் விடுமுறைக்கு முதல் நாள் பெற்றோர் கூட்டத்தில் நான் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன்: "சுலோஜனா, லீவு முடிஞ்சு வரக்குள்ள உங்கட மகள் வாசிக்க வேணும். இல்லாட்டி மூண்டாம் ஆண்டுச் சின்னப் பிள்ளைகளோடதான் இருத்துவன்."

இரண்டு தாய்மார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் தடுக்கவில்லை. சிரிப்பு உறைத்தால் படிப்பிப்பாள் என்று நினைத்தேன்.

அன்று எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தேன். 'குறைந்த செலவில் விடுமுறைக் கற்றல்: குடும்பங்களுக்கு இருபது வழிகள்.' இணையத்தில் கிடந்ததை எடுத்து போட்டோகொப்பி அடித்தது. நான்கூட முழுதாக வாசிக்கவில்லை. சுலோஜனா நின்ற இடத்திலேயே வாசித்தாள்.

"மிஸ், நூதனசாலைக்கு, மியூசியத்துக்குக் கூட்டிப் போகட்டாம். எந்த பஸ் போகும்? பழச்சாற்ற பிரிட்ஜில வச்சி உறைய விடட்டாம். எங்கட வீட்ட பிரிட்ஜ் இல்லயே."

"இருபதில ஒண்டாவது செய்ய ஏலாதா உங்களுக்கு?"

பதினேழாவதை விரலால் தொட்டுக் காட்டினாள். தெருவில் காணும் எழுத்துகளைப் பிள்ளையோடு சேர்ந்து வாசியுங்கள். தாளை நாலாக மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தத் தெருவில் என்ன எழுத்து இருக்கிறது? ஒரு கடை, அதன் பலகையில் பாதி எழுத்து மழையில் போய்விட்டது. தேர்தல் சுவரொட்டியை ஆடு தின்றுவிட்டது. ஆனால் சந்தி மின்கம்பத்தில் மரண அறிவித்தலுக்குக் குறைவில்லை. எவ்வளவு இல்லாத வீடானாலும் செத்தவருக்கு நோட்டீஸ் அடிக்காமல் விடமாட்டார்கள். பெரிய எழுத்து, படம், கிழமைக்கு ஒன்றாவது புதிது. சல்லிக்காசு செலவில்லை.

ஆலை விட்டதும் சுலோஜனா மகளைக் கம்பத்தடிக்குக் கூட்டி வருவாள். ஒரு குச்சியால் தொட்டுத் தொட்டு வாசிக்க வேண்டும். பிறப்பிடம், வதிவிடம் என்று வரும் ஊர்களை மண்ணில் படமாகக் கீற வேண்டும். செத்த வருடத்திலிருந்து பிறந்த வருடத்தைக் கழிக்க வேண்டும். யார் யாருக்கு மகன், யாருக்குக் கணவன் என்று கொப்பியில் குடும்ப மரம் வரைய வேண்டும். தொடங்கினால் முடிக்க வேண்டும், அதுதான் சட்டம். பிள்ளை பாதியில் நின்று அழுதால், "நோட்டீஸ் முடிஞ்சாத்தான் சோறு" என்பாள். காதைத் திருகுவாள். அவளும் இரக்கம் காட்டவில்லை.

கடைசியில் ஒரு விளையாட்டு. எங்கள் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டினால் சனம் முதலில் பார்ப்பது, யாருடைய பெயர் இல்லை என்பதைத்தான். சுலோஜனா அதையும் பாடமாக்கிவிட்டாள்.

"ஆர் விடுபட்டிருக்கு, செல்லு பாப்பம்?"

"மூத்த மகன், அம்மா. மறந்துட்டாங்க போல."

"மறந்ததில்ல புள்ள, வேணுமெண்டு விட்டது. காணிச் சண்டை."

விதுர்ஷா மரத்தின் கீழே எழுதுவாள்: விடுபட்டவர் ஒருவர், விட்டது. சில நோட்டீஸுக்கு, மறந்தது. சரியான விடைக்கு ஒரு புள்ளி.

ஊர் அதற்குச் சாவுப் பள்ளிக்கூடம் என்று பெயர் வைத்தது. பிள்ளைகள் விதுர்ஷாவை நோட்டீஸ் என்று கூப்பிட்டார்கள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் கேதீசனின் அக்கா வசந்தாதேவி கம்பத்தைத் தாண்டும்போதெல்லாம் நின்று சொல்வாளாம்: "செத்த ஆக்கள வச்சிப் படிப்பிக்கிறாள். உருப்படுமா இது?"

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முதல் சனிக்கிழமை, புத்தகம் அடுக்க வந்துவிட்டு பஸ்ஸுக்கு நின்றேன். சுலோஜனா மகளோடு சந்திக்கு வந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்ததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

"மிஸ், எண்ட மகள் வாசிக்கிறாள். கேட்டுட்டுப் போங்க."

விதுர்ஷா கம்பத்துக்கு ஓடி ஒரு பழைய நோட்டீஸில் குச்சியை வைத்தாள். என் புத்தி எங்கே போகும்?

"அது வேணாம். பாடமாக்கியிருப்பாய். மற்றப் பக்கத்தில பசை காயாம ஒண்டு ஒட்டியிருக்கு, அத வாசி."

நான் குடைக்குள் நின்றுகொண்டு சொன்னேன். யாருடையது என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கடைவாசலில் நின்ற ஐந்தாறு பேர் பேச்சை நிறுத்தினார்கள். அவர்கள் அதை ஒட்டும்போதே வாசித்திருந்தார்கள். ஒருவராவது வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை, என்ன நடக்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. என்னையும்தான்.

"மரண அறிவித்தல்," என்று விதுர்ஷா தொடங்கினாள். "கொக்கட்டிச்சோலையைப் பிறப்பிடமாகவும், வாகரையை வதிவிடமாகவும் கொண்ட அழகரத்தினம் கேதீசன்." குச்சி நின்றது. "அம்மா, அப்பாட பேர்!"

சுலோஜனா இரண்டு எட்டில் கம்பத்தடிக்குப் போய்விட்டாள். படத்தைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"போதும் புள்ள," என்றேன்.

"தொடங்கினா முடிக்க வேணும் மிஸ்," என்றது பிள்ளை. தாயின் முகத்தை அது பார்க்கவில்லை. என்னிடம் தேறிவிட வேண்டும் என்பதிலேயே இருந்தது. ஒரு சொல் தடக்காமல் வாசித்தது:

"அன்னார் அழகரத்தினம், அன்னப்பூரணி தம்பதிகளின் அன்பு மகனும், சர்மிலாவின் அன்புக் கணவரும், நிதுர்ஷனின் பாசமிகு தந்தையும், வசந்தாதேவியின் அன்புச் சகோதரரும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம். தகவல், சகோதரி."

வாசித்து முடித்த பிறகுதான் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். சுலோஜனாவின் வீட்டுச் சுவரில் இருக்கும் கலியாணப் படத்திலிருந்து அவனை மட்டும் வெட்டி எடுத்த படம் அது.

"இது அப்பாதானே அம்மா?"

"ஓம்."

"அப்பா கட்டார்லயெல்லோ?"

கடைவாசல் முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. சுலோஜனா தலையில் அடித்துக்கொண்டு விழுந்து கத்துவாள் என்று காத்திருந்தார்கள். அவள் மகளின் கையிலிருந்து குச்சியை வாங்கி, வருடம் இருந்த இடத்தில் வைத்தாள்.

"வயசு நீ இன்னும் கழிக்கல்ல," என்றாள்.

பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு விரல்விட்டு எண்ணியது. "முப்பத்தொம்பது."

"சரி. வா, வீட்ட போவம்."

என் பஸ் வந்தது. நான் ஏறிப் போய்விட்டேன். அந்த பஸ்ஸை விட்டிருக்கலாம்.

திங்கட்கிழமை விதுர்ஷாவைப் பாடப்புத்தகம் வாசிக்கச் சொன்னேன். வகுப்பில் ஒருவரும் அவளைப்போல் வாசிக்கவில்லை. முன் வரிசை வாங்குக்கு மாற்றினேன். பள்ளிக்கூடம் விடும் நேரம் அவள் விடுமுறைக் கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். எல்லா மரத்துக்கும் சுலோஜனா பென்சிலால் புள்ளி போட்டிருந்தாள். கடைசிப் பக்கத்துக்கு மட்டும் போடவில்லை. அங்கே கேதீசனின் மரம். ஒரு கிளையில் சர்மிலா, நிதுர்ஷன். மறுபக்கம் விதுர்ஷாவே ஒரு கிளை கீறி, அம்மா, நான் என்று எழுதியிருந்தாள். கீழே: விடுபட்டவர்கள் இரண்டு பேர், மறந்தது.

"அம்மா இது பிழையாம், மிஸ். விட்டது எண்டு எழுதட்டாம். நான் மறந்தது எண்டுதான் சொல்றன். ரெண்டு நாளாச் சண்டை. மறுகா அம்மா சொன்னா, மிஸ்ட காட்டு, அவ பிழைக்குப் புள்ளி போடமாட்டா எண்டு."

ஒன்பது வயது முகம் மேசைக்கு மேலே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிவப்புப் பேனையை எடுத்தேன். சரி போட்டேன். ஒரு புள்ளியும் போட்டேன். பதினேழு வருடத்தில் பிழைக்கு நான் போட்ட ஒரே புள்ளி. இரக்கம் என்றுதான் அந்த நேரம் நினைத்தேன்.

விதுர்ஷா கொப்பியைத் தூக்கிக்கொண்டு வாசல் படலைக்கு ஓடினாள். சுலோஜனா ஆலையிலிருந்து நேரே வந்து நின்றிருந்தாள், கால் முழுக்க உமி.

"அம்மா, மிஸ் சரி போட்டுட்டா! நீங்க செல்லினதுதான் பிழை. அவங்க மறந்துதான் போயிட்டாங்க. உங்களுக்குத்தான் ஒண்டும் தெரியாது."

சுலோஜனா கொப்பியை வாங்கி அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். பிறகு முற்றத்துக்கு இப்பால் நின்ற என்னைப் பார்த்தாள். நான் தலை குனிந்துகொண்டேன்.

"ஓம் மகள்," என்றாள். "மிஸ் போட்டா சரியாத்தான் இரிக்கும்."