மார்புத் தையலில் மலைச்சந்தனம்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: சென்னையில் என் இதயத்தை அறுத்துச் சரிசெய்து அனுப்பினார்கள், நான் திருத்தணிக்கு வந்ததும் மலைக்கோயில் சந்தனத்தைக் குழைத்து மார்புத் தையலின்மேல் பூசிக்கொண்டேன்.

ஒரே வாரத்தில் குளிர்காய்ச்சல். தையல் பிளந்து பச்சையாய்ச் சீழ் வழிந்தது. சட்டையைக் கழற்றினால் ஈக்கள்தான் முதலில் நலம் விசாரித்தன. என் நாற்றம் எனக்கே குமட்டியது.

மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். "சீழ் நெஞ்செலும்பைத் தின்னுட்டிருக்கு. அடுத்தது இதயந்தான்" என்றார் டாக்டர். மார்பைத் திரும்பத் திறந்து, அழுகிய எலும்பைச் சுரண்டி, ஆறு வாரம் தினமும் அந்தக் குழியைக் கழுவித் துணி திணித்தார்கள். பிழைத்தேன்.

இப்போது சந்தனம் நெற்றியோடு சரி. டாக்டரைக் கேட்காமல் எந்தப் புண்ணிலும் தண்ணீர்கூடப் படவிடுவதில்லை.

பார்க்க வந்த மைத்துனன் சொன்னான்: "இத்தினி பொஸ்தகம் படிக்கிறீங்களே பாவா, ஆஸ்பத்திரியில குடுத்த சீட்டைப் படிக்கலியா? தையல்மேல எதையும் பூசக்கூடாதுன்னு மொத வரியிலயே போட்டுக்கிறாங்களே!"