இங்கிலீஷ் டிபார்ட்மெண்டின் கொல்லைக் கதவு

பியூன் வேலை என்பது கூப்பிடுகிற குரலுக்கு ஓடுகிற வேலை. எந்தக் குரலுக்கு ஓடக் கூடாது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தர மாட்டார்கள்.

என்னைப் போல மணியடித்து, டீ வாங்கி, ஃபைல் சுமந்து தேய்ந்தவர்களுக்கு இது புரியும். நான் இருந்தது தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில், இங்கிலீஷ் டிபார்ட்மெண்டில். கட்டடம் ஒரு மிராசுதார் வீடு. கூலித் தகராறும் செங்கொடியும் நில உச்சவரம்புச் சட்டமும் வந்த காலத்தில் அவர் நிலத்தையெல்லாம் உறவுக்காரர்கள் பேரில் எழுதி வைத்துவிட்டு மெட்ராஸ் போய்விட்டார். வீடு கல்லூரிக்கு வாடகைக்கு வந்தது.

புது மேடம்

தமிழரசி மேடம் ஆற்றுக்கு அக்கரைச் சேரியில் பிறந்தவர். அவர் அம்மா இதே மிராசுதாரிடம் பண்ணையாளாக இருந்தவர். வெள்ளைக்காரன் ஆண்டுவிட்டுப் போன நாடுகளில் உள்ளவர்கள் அவன் பாஷையிலேயே எழுதின கதைகளை வைத்து மேடம் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தார். உட்கார இடம் கொடுத்தது கடைசி அறை. முன்னாளில் நெல் கொட்டி வைத்தது. மேசை போட்டு முடித்ததும் சொன்னார்: "எனக்கு வைவா, பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு, நடக்குற அன்னைக்கு எங்கம்மா முன்வாசல் வழியா வந்து ஹால்ல உட்காரணும்ணே. அதுக்குத்தான் இவ்வளவும். ஆனா ஆத்தைத் தாண்டவே மாட்டேங்கறாங்க."

துறைத் தலைவர் காதில் விழுந்துவிட்டது. "மிராசுதார்தான் போயிட்டாரே, இன்னும் என்னம்மா பயம்?" என்றார்.

"போனது அவர்தான் சார். வீடு இங்கேயேதானே இருக்கு."

உச்சி வேளை

அந்த வீட்டில் நடுப்பகலில், கரண்டு போய் ஃபேன் நிற்கிற நேரம், கொல்லையில் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்கும்: "ஆண்டே." பண்ணையாட்கள் மிராசுதாரைக் கூப்பிடுகிற வார்த்தை. கொட்டகையைத் தாண்டி அவர்கள் வரக் கூடாது. கூப்பிட்டுவிட்டு நிற்க வேண்டும். உள்ளேயிருந்து "யாரு" என்று குரல் வருகிற வரைக்கும் திரும்பிப் போகவும் கூடாது. நான் எத்தனையோ தடவை போய்ப் பார்த்துவிட்டேன். மழை விட்ட சேற்றில் காக்கைக் கால்கூடப் பதிந்திருக்காது. டைப்பிஸ்ட் அம்மா அந்த நேரத்தில் தடதடவென்று டைப் அடித்துக்கொண்டே இருப்பார். எட்டிப் பார்த்தால் மெஷினில் தாள் இருக்காது.

மேடத்துக்கு இதை யாரும் சொல்லவில்லை. முதல் நாள் குரல் கேட்டதும், மாணவர்களுக்குச் சொல்கிற மாதிரி "உள்ள வாங்க" என்றார். சொன்ன பிறகுதான் முகம் வெளுத்தது. "எங்கம்மா குரல்ண்ணே."

துறைத் தலைவர் தயங்கித் தயங்கி, "உங்கம்மா இப்ப... இருக்காங்களா?" என்று கேட்டார்.

"காலையில எனக்குச் சோறு கட்டிக் குடுத்தாங்க சார்."

அக்கரையில்

சாயங்காலம் மேடத்தோடு நானும் போனேன். அந்த அம்மா பகல் முழுக்க நடவில் நின்றிருக்கிறார். சேறு முழங்கால் வரை காய்ந்திருந்தது. விஷயத்தைக் கேட்டுக்கொண்டே வாய்க்காலில் கால் கழுவினார். கழுவிய காலையே திரும்பத் திரும்பக் கழுவினார்.

"இவளுக்கு மூத்தவ ஒருத்தி இருந்தா. காய்ச்சல். டவுன் ஆஸ்பத்திரிக்கு வண்டி கேட்டுப் போய் கொல்லையில நின்னேன் தம்பி. உள்ள ஆளுங்க சாப்பிடுற சத்தம் கேக்குது. யாருன்னு ஒருத்தரும் கேக்கல. பிள்ளை தோள்லயே சில்லுனு ஆயிட்டுது."

"அப்ப அங்க கூப்பிடுறது யாரும்மா?" என்றார் மேடம்.

"நான் வந்துட்டேன். கூப்பிட்டது வரல போலருக்கு."

பூட்டு

மறுநாளிலிருந்து குரல் கேட்கும்போதெல்லாம் மேடம் "உள்ள வாங்கம்மா" என்று பதில் சொன்னார். குரல் வீட்டை நோக்கி நகர ஆரம்பித்தது. கொட்டகையிலிருந்து கிணற்றடி, கிணற்றடியிலிருந்து துவைக்கிற கல். வைவா நெருங்கியது. வெளியூர்ப் பேராசிரியர் முன்னால் இது கேட்டால் மேடத்தின் பட்டத்துக்கே ஆபத்து என்று துறைத் தலைவர் பயந்தார். கொல்லைக் கதவைப் பூட்டச் சொன்னார். பெரிய பூட்டாகப் பார்த்துப் போட்டேன்.

அன்று உச்சியில் மேடத்தின் அறைக்குள்ளேயே கேட்டது. நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று கூப்பிடுகிற மாதிரி. துறைத் தலைவர் வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார்: "திறந்துடுப்பா. வெளிய விட்டுப் பூட்டுறதா நினைச்சு உள்ள வச்சுப் பூட்டிட்டோம்."

வைவா

ஹால் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஒரு நாற்காலியை மட்டும் யாரையும் உட்காரவிடாமல் நான் காவல் காத்தேன். வெளியூர்ப் பேராசிரியர் கேள்வி கேட்க, மேடம் நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஃபேன் நின்றது.

"ஆண்டே."

டிபார்ட்மெண்ட் ஆட்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். ஒன்றும் தெரியாத வெளியூர்க்காரர் நிமிர்ந்து, சத்தமாக, "யாரு?" என்றார்.

குரல் பழையபடி கொட்டகைப் பக்கமிருந்து வந்திருந்தது. நான் கொல்லைக்கு ஓடினேன். கொட்டகையோரம் அந்த அம்மா நின்றார், புதுப் புடவையில். இந்தத் தடவை சேற்றில் காலடி இருந்தது. "நடவுல குனிஞ்சா காதுல 'உள்ள வாங்க, உள்ள வாங்க'ன்னே கேக்குது தம்பி, அதான் வந்தேன். கால் தன்னால இங்க வந்து நின்னுட்டுது." முன்வாசலுக்குக் கூட்டிப் போனேன். படியில் ஏறி உள்ளே வந்தவர் உட்காரவில்லை. வெளியூர்க்காரரையே பார்த்தார்.

"நீங்கதான் யாருன்னு கேட்டீங்களா?"

அதற்கப்புறம்

மேடத்துக்குப் பட்டம் கிடைத்தது. அந்தக் குரல் அதோடு நின்றது. ஒரு மாதம் நிம்மதியாகச் சாப்பிட்டேன். பிறகு ஒரு உச்சியில் கொட்டகைப் பக்கம் ஒரு ஆம்பளைக் குரல் கேட்டது. மறுநாள் கிழவி குரல். அப்புறம் ஒரு சின்னப் பிள்ளை. ஒருத்தருக்குப் பதில் கிடைத்தது மற்றவர்களுக்கும் தெரிந்துவிட்டது போல. மேடத்திடம் போய் நின்றேன். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "வரட்டும்ணே. நாற்காலி பத்தலைன்னா ஹிஸ்டரி டிபார்ட்மெண்ட்ல கேட்டு வாங்கிட்டு வாங்க."

நாற்காலி போடுவது பியூன் வேலை. உட்காருகிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று எந்த அரசாணையிலும் இல்லை.