ஒரு டிரா போதும் என்றிருந்த நாட்கள்

நேற்று சாயங்காலம் மந்தைவெளியில் ஒரு டீக்கடை வாசலில் நின்று, போனில் இந்தியா கால்பந்து ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் ஆவலாக எட்டிப் பார்த்தார்கள். கிரிக்கெட் இல்லை என்று தெரிந்ததும் கழுத்தை இழுத்துக்கொண்டார்கள். வழக்கம்போலத் தோற்றோம். ஆசியக் கோப்பைக்குள் நுழையக்கூட இனி வழியில்லை. டீ ஆறிப்போயிருந்தது. அப்போதுதான் பக்கத்துக் கடையிலிருந்து அந்த வாசனை வந்தது. பிளக்ஸ் பேனர் அடிக்கும் கடை. புது பிளக்ஸின் நெடி உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. பெயிண்டும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி மூக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்த நெடி வந்தாலே எனக்குப் பழைய பிளக்ஸ் ஒன்று ஞாபகம் வந்துவிடும்.

கொரோனாவுக்கு முந்தைய ஓர் ஆசியக் கோப்பை சமயம். நான் தி.நகரில் ஒரு டுட்டோரியலில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என் சிநேகிதன் ஆரோக்கியம் பட்டினப்பாக்கத்தில் அவன் அம்மாவோடு மீன் விற்றுக்கொண்டிருந்தான். சின்ன வயசில் கடற்கரை மணலில் ஒன்றாகப் பந்து உதைத்த பழக்கம். அவர்கள் குப்பத்தில் கால்பந்துப் பைத்தியத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பாதிப் பேர் பிரேசில், மீதிப் பேர் அர்ஜென்டினா. இந்தியா என்று சொல்ல நாங்கள் இரண்டே பேர். ஆட்டோ ஓட்டும் பாபு பிரேசில் கட்சி. பிரேசில் எந்தப் பக்கம் என்று கேட்டால் கடலைக் கைகாட்டுவான். என்னைப் பார்த்துவிட்டால் போதும்.

"இன்னா வாத்யாரே, இன்னிக்கு எத்தினி கோல் வாங்குனீங்கோ?"

என் அம்மாவுக்கும் எங்கள் அணிமேல் பெரிய மரியாதை கிடையாது. ஆட்டம் பார்க்க நான் குப்பத்துக்குக் கிளம்பும்போதெல்லாம், "தோக்கறதைப் பாக்கறதுக்கு அவ்ளோ தூரம் போகணுமாடா? ஆத்துலயே உக்காந்துண்டு பாக்கப்படாதா?" என்பாள். அம்மா பாட்டு டீச்சர். ஒரு கச்சேரி தேறுமா தேறாதா என்பது அவளுக்கு முதல் அரை நிமிஷத்திலேயே தெரிந்துவிடும். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த முறை முதல் ஆட்டத்தில் ஜெயித்துத் தொலைத்தார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. பிறகு ஒன்றில் தோற்றார்கள் என்றாலும், கடைசி ஆட்டத்தை டிரா செய்தால் போதும், அடுத்த சுற்று. ஆரோக்கியத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்த பிறகு பிளக்ஸ் அடிப்பதெல்லாம் நம் ஊரில் ஒரு பிழைப்பா? முன்கூட்டியே அடித்துவிட்டான். 'அடுத்த சுற்றில் கால் பதிக்கும் இந்தியச் சிங்கங்களே, வருக!' என்று எழுதி, பெரிதாக ஒரு சிங்கம். அதைவிடப் பெரிதாகக் கூலிங்கிளாஸ் போட்ட ஆரோக்கியம். மூலையில், முக்கியமான ஆள் மாதிரி காதில் போனை வைத்துக்கொண்டு நான். ஆட்டக்காரர்களுக்குத்தான் இடம் போதவில்லை.

எனக்கு லேசாகப் பயம் தட்டியது. சொன்னேன்.

"டிராதான மச்சி வோணும். அதுகூடவா பண்ண மாட்டானுங்கோ?" என்றான்.

பிளக்ஸைச் சுருட்டி, இரண்டு கம்பத்துக்கு நடுவே உயரத்தில் கட்டினோம். கயிற்றை இழுத்தால் விரியும். கடைசி விசில் ஊதியதும் இழுப்பதாக ஏற்பாடு. டிவியைத் தெருவுக்குக் கொண்டுவந்து வைத்தோம். பாபுகூட வந்து உட்கார்ந்திருந்தான். ஆட்டம் முழுக்க கோலே விழவில்லை. ஆரோக்கியம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டான். முடியப்போகிற நேரத்தில் எதிரணிக்குப் பெனால்டி. கோல்.

ஆரோக்கியம் கயிற்றை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டான். பாபு எழுந்து போய், ஒன்றும் நடக்காத மாதிரி கயிற்றை இழுத்தான். சிங்கமும் நாங்களும் விரிந்தோம். தெருவே சிரித்தது.

மறுநாள் பக்கத்திலேயே பாபு கோஷ்டியின் பிளக்ஸ் ஒன்று முளைத்தது. கண்ணீர் அஞ்சலி. எங்கள் இரண்டு பேர் போட்டோவுக்கும் மாலை. ஆரோக்கியம் பாபுவின் சட்டையைப் பிடிக்கப் போய், பாதியில் அழுதுவிட்டான். நானும் வீட்டுக்குப் போகிற வழியில் அழுதேன். கல்யாண வயசில் இருக்கிறவன் ஒரு பெனால்டிக்காக லஸ் கார்னரில் நின்று அழுவதா என்று நீங்கள் கேட்கலாம். அழுதேன், அவ்வளவுதான்.

ஆரோக்கியத்தின் அம்மா எதையும் வீணாக்க மாட்டார். அந்த பிளக்ஸ் மீன் கடைக்குப் பந்தலாயிற்று, படம் கீழ்ப்பக்கமாக. வஞ்சிரம் வாங்கப் போன ஒரு மாணவனின் அப்பா, தலைக்கு மேலே என்னைப் பார்த்துவிட்டு டுட்டோரியலுக்கு வந்து விசாரித்தார்.

அதற்கடுத்த கோப்பையில் எல்லா ஆட்டமும் தோல்வி. பேருக்குக்கூட ஒரு கோல் இல்லை. ஆரோக்கியம் பாதியிலேயே எழுந்து போனான். "எனக்கு இன்னாத்துக்கு மச்சி இந்த வவுத்தெரிச்சல்?" என்றான். பாபு மட்டும் கடைசி வரைக்கும் வந்து சிரித்துவிட்டுப் போனான். பிறகு ஆரோக்கியத்துக்கு ஊருக்கு வெளியே கண்ணகி நகரில் வீடு கிடைத்தது, குடும்பத்தோடு போய்விட்டான்.

நேற்று டீக்கடையிலிருந்தே அவனுக்குப் போன் செய்தேன்.

"தோத்துட்டோம்டா."

"யாரு?"

"இந்தியா."

"கிரிக்கெட்டா?"

ஆறின டீயைக் கீழே கொட்டினேன். அவனுக்கே புரிந்திருக்க வேண்டும். "உடு மச்சி. ஞாயித்துக்கெழம ஊட்டாண்ட வா. பசங்கோ உன்ன கேட்டுக்கினே கீதுங்கோ" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நடந்து போகக் கால் வரவில்லை. கைகாட்டி நிறுத்திய ஆட்டோவில், விதியைப் பாருங்கள், பாபு. அவனைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இவன் விட மாட்டான். எங்கள் வீட்டுப் பக்கத்துக் கோயில் குளம் வரைக்கும் வாங்கு வாங்கென்று வாங்குவான். வாங்கட்டும், ஒரு ஆளாவது இருக்கிறானே. அவனாகக் கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நானே சொன்னேன்.

"பாபு, இந்தியா தோத்துடுச்சு. ஆசியக் கோப்பை போச்சு."

"அப்டியா?" என்றான். கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "கொளத்தாண்ட ஒரே டிராபிக்கா கீது வாத்யாரே. மெட்ரோவுக்குத் தோண்டிக்கினு கீறானுங்கோ. சந்துல பூந்து போய்டவா?"

சிரிக்கவே இல்லை, பாவி.