பாதியில் நின்ற மூச்சு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் சுரேந்தருக்குக் கதை கட்டிச் சொல்ல வராது. காந்திபுரத்தில் அவன் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்த காலத்தில் பழகியவர்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ஆள். இதையும் அவனாக வந்து என்னிடம் சொல்லவில்லை. ஒருநாள் என் வீட்டு டேபிள் ஃபேன் கரகரவென்று இரைய ஆரம்பித்ததும், சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் பாதியில் எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டான். முகம் வெளுத்துப் போயிருந்தது. நான்தான் துருவித் துருவிக் கேட்டேன்.

நடந்தது தொண்ணூற்றேழாம் வருசம், ஐப்பசியில். வீடு இன்னும் மேட்டுப்பாளையத்தில் இருக்கிறது. தெருப் பெயரை மட்டும் நான் எழுதப் போவதில்லை.

அன்று காலையில் கடைக்கு போன் வந்தது. எடுத்தது சுரேந்தர்தான்.

"ஏனுங்க, கம்ப்யூட்டர் கடைங்களா? மேட்டுப்பாளையத்துலருந்து நஞ்சப்பன் பேசறனுங்க. பாக்கு யாவாரம். ஊட்டுல இருக்கற கம்ப்யூட்டர்ல ஃபேன் சத்தம் போடுதுங்க. மாத்தோணும்."

"நாளைக்கு வரட்டுங்களா?"

"இன்னைக்கே வந்துருங்க தம்பி. நாலு மணிக்கு முன்னால மாத்தியாவோணும்."

ஃபேன் மாற்ற என்ன அப்படி அவசரம் என்று சுரேந்தர் நினைத்தான். கேட்கவில்லை. பையில் புது ஃபேன் ஒன்றையும், ஸ்குரூ டிரைவரையும், ஈயம் பற்றவைக்கிற கம்பியையும் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். வழியெல்லாம் மழை. காரமடையில் பஸ் வெகுநேரம் நின்றுவிட்டது. அவன் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை தாண்டியிருந்தது.

நஞ்சப்பன் குடையோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். நல்ல உயரம். ஆனால் சட்டை அவருடைய சட்டை மாதிரியே இல்லை, தோளில் தொங்கியது. வீட்டை ஒட்டினாற்போல் பாக்குக் குடோன். ஊறின பாக்கின் வாடை தெரு முழுக்க இருந்தது.

"வாங்க தம்பி. அம்மணி கோயிலுக்குப் போயிருக்கறா. அவ வாரதுக்குள்ள முடிச்சுப்போடலாம்."

ஆசாரம் என்கிற முன்கூடத்தைத் தாண்டி உள்ளே ஓர் அறை. கதவைத் திறந்ததும் சுரேந்தருக்கு முதலில் பட்டது அந்த அறையின் சூடு. வெளியே மழை கொட்டுகிறது. வீடு முழுக்க ஈரம். இந்த அறை மட்டும் யாரோ வெகுநேரம் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்த மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

ஒரு கட்டில். மேலே மடித்த போர்வை. சுவரில் ஒரு பையனின் படம், மாலை போட்டிருந்தது. மேசையில் கம்ப்யூட்டர். அதை ஒட்டி ஒரு நாற்காலி. நாற்காலி திரையைப் பார்த்து இல்லை. கம்ப்யூட்டரின் முதுகுப்பக்கம் போடப்பட்டிருந்தது.

"பையன் பேரு பாலகோபால்" என்றார் நஞ்சப்பன், படத்தைப் பார்க்காமலேயே. "என்ஜினியரிங் ரெண்டாம் வருசம் படிச்சுட்டிருந்தான். மாசி மாசம் இளைப்பு வந்து போயிட்டானுங்க."

சுரேந்தர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, மூடியைக் கழற்றி, மின்சாரப் பெட்டியை வெளியே எடுத்தான். அதற்குள்தான் ஃபேன் இருக்கும்.

அவன் கை நின்றது.

ஃபேனின் இறக்கைகளுக்கும் கம்பி வலைக்கும் நடுவே சிலந்தி கூடு கட்டியிருந்தது. பழைய கூடு. தூசி படிந்து சாம்பல் நிறமாகியிருந்தது. ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை. அந்த ஃபேன் ஒரே ஒரு சுற்று சுற்றியிருந்தாலும் அது பிய்ந்து போயிருக்கும்.

"இதைப் போட்டு எத்தனை நாளாச்சுங்க?"

"போடறதே இல்லீங்க. அவன் போன நாள்லருந்து போடலை."

"அப்பறம் சத்தம் போடுதுன்னீங்க..."

நஞ்சப்பன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மாத்திப்போடுங்க தம்பி. பேச்சு வேண்டாம்."

சுரேந்தர் பழைய ஃபேனின் ரெண்டு ஒயரையும் வெட்டினான். நாலு ஸ்குரூவையும் கழற்றி ஃபேனைக் கையில் எடுத்தான். அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. நனைந்த சேலையோடு ஓர் அம்மா உள்ளே வந்தார். பழனியாத்தாள். நஞ்சப்பனின் மனைவி. அறைக்குள் ஓர் அந்நிய ஆள் இருப்பதைப் பார்த்து அவர் திடுக்கிடவில்லை. பிரித்துக் கிடந்த மெசினைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார்.

"எதுக்குங்க இந்த வேலை?"

"போதும் அம்மணி. என்னால கேக்க முடியல."

"நாம கேக்காம வேற ஆரு கேக்கறது?"

நேராக வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சேலைத் தலைப்பால் ஈரக் கையைத் துடைத்தார். ஃபேன் இல்லாத அந்தக் கம்ப்யூட்டரின் தகரப் பெட்டி முதுகில் உள்ளங்கையை வைத்தார்.

மணி நாலு பத்து.

சத்தம் ஆரம்பித்தது.

முதலில் சின்னதாக. விசிலை மெல்ல ஊதின மாதிரி. ஸ்ஸ்ஸீ... அப்புறம் ஒரு கரகரப்பு. ஸ்ஸ்ஸீ... க்ர்ர்ர்... ஸ்ஸ்ஸீ... க்ர்ர்ர்...

சுரேந்தர் பிளக்கைத் தேடினான். அது தரையில் கிடந்தது. சுவரில் எதுவும் மாட்டியிருக்கவில்லை.

ஸ்ஸ்ஸீ... க்ர்ர்ர்...

அவனுடைய அம்மாவுக்கும் இளைப்பு உண்டு. சின்ன வயசிலிருந்து கேட்ட சத்தம். நெஞ்சு சளி கட்டிக்கொண்டு, காற்று உள்ளே போக வழியில்லாமல் தவிக்கிற சத்தம். அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. இது ஃபேன் இல்லை.

"மெதுவா கண்ணு..." பழனியாத்தாள் தகரத்தை நீவிவிட்டார். மேலிருந்து கீழே. மேலிருந்து கீழே. "மெதுவா இழு. அவசரப்படாத."

சத்தம் ஏறியது.

சுரேந்தரின் உள்ளங்கையில் ஏதோ நகர்ந்தது.

குனிந்து பார்த்தான். பழைய ஃபேன். ஒயர் அறுந்த ஃபேன். அதன் இறக்கைகள் மெல்ல ஒரு பக்கம் திரும்பின. சிலந்திக்கூடு முறுக்கிக்கொண்டது. ஸ்ஸ்ஸீ... நின்றது. அப்புறம் எதிர்ப்பக்கம் திரும்பின. க்ர்ர்ர்...

உள்ளே இழுப்பு. வெளியே விடுப்பு.

எந்த ஃபேனும் பின்னால் சுற்றாது.

அவன் மணிக்கட்டில் காற்று பட்டது. சூடான காற்று. மருந்து வாடை.

கீழே போடலாம் என்று பார்த்தான். விரல் விரியவில்லை.

"மாத்துங்க தம்பி." நஞ்சப்பனின் குரல் உடைந்திருந்தது. "புதுசை மாட்டுங்க. சீக்கிரம்."

"வேண்டாங்க." பழனியாத்தாள் நீவுவதை நிறுத்தவில்லை. "இன்னும் கொஞ்ச நேரந்தான். முடிஞ்சுரும். அவனை முடிக்க உடுங்க."

ஸ்ஸ்ஸ்ஸீ...

க்ர்...

ஸ்ஸ்ஸ்ஸ்ஸீ...

எப்படி மாட்டினான் என்று சுரேந்தருக்கு இன்றுவரை நினைவில்லை. ஒரு கையில் அந்தப் பழசு. இன்னொரு கையால் புது ஃபேனை வைத்து, ஒயரைப் பல்லால் சீவி, முறுக்கி, பிளக்கைச் சுவரில் செருகி...

சுவிட்சைத் தட்டினான்.

புது ஃபேன் 'விர்' என்று சுற்றியது.

இழுப்பு அறுந்தது.

பாதி மூச்சில்.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அவன் கையில் இருந்த ஃபேன் அசையவில்லை. இறக்கை பாதி திரும்பின இடத்திலேயே நின்றிருந்தது.

நஞ்சப்பன் அப்படியே கட்டிலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சத்தமில்லாத அழுகை. தோள் மட்டும் குலுங்கியது. பழனியாத்தாள் அழவில்லை. பெட்டியின்மேல் வைத்த கையை எடுக்கவும் இல்லை. காதைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ள இழுத்தது வெளிய வரலீங்களே" என்றார்.

சுரேந்தர் எல்லாவற்றையும் மூடிப் பூட்டினான். வாசல் வரை நஞ்சப்பன் கூட வந்தார். குடையை விரித்துக்கொண்டே, ரொம்ப நாளாக யாரிடமும் சொல்லாததைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"அன்னைக்கும் இதே நேரந்தானுங்க. நானும் அவளும் ஆசாரத்துல ஒக்காந்து காப்பி குடிச்சுட்டிருந்தம். உள்ள இந்தச் சத்தம் கேட்டுது. ஒரு வாரமா ஃபேன் கத்துது, ஆளைக் கூப்புட்டு மாத்தோணும்னு அவனே சொல்லிட்டிருந்தான். ஃபேன்தான்னு நெனச்சுப்போட்டம். சத்தம் நின்னதும், பரவால்லயே, தானாவே செரியாயிருச்சுன்னு நான் சொன்னனுங்க."

சுரேந்தர் செருப்பை மாட்டினான்.

"தெனமும் நாலு பத்துக்கு வருமுங்க. பத்து நிமிசம். அப்பறம் நின்னுரும். தெனமும் அவன் போறதைக் கேட்டுட்டு ஒக்காந்திருக்கறமுங்க. இன்னைக்குத்தான் பாதில உட்டுது. அந்தப் பழசை நீங்களே கொண்டுபோயிருங்க தம்பி. இந்த ஊட்டுல வேண்டாம்."

கோயம்புத்தூர் வந்து சேரும்வரை சுரேந்தர் பையை மடியில் வைக்கவில்லை. காலுக்கடியில் வைத்திருந்தான். கடையில் உடைந்த சாமான்கள் போடுகிற கூடை ஒன்று உண்டு. அதில் அந்த ஃபேனைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தான். மூன்று நாள் காய்ச்சல். திரும்பி வந்தபோது கூடை காலியாக இருந்தது. பழைய இரும்பு எடுக்கிறவன் வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தான். சுரேந்தருக்கு நிம்மதியாக இருந்தது. அந்த வீட்டுக்கு ஏதோ நல்லது செய்துவிட்டோம் என்றுகூட நினைத்தான். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

தை மாசம், பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியானம் கடை வாசலில் ஒருவர் வந்து நின்றார். சுரேந்தருக்கு அடையாளம் தெரியவில்லை. பேசினபிறகுதான் தெரிந்தது. நஞ்சப்பன். பாதி ஆளாகியிருந்தார். கண் ரெண்டும் உள்ளே போயிருந்தன. தூங்கி வெகு நாளான முகம்.

"ஒக்காருங்க" என்றான் சுரேந்தர். அவர் உட்காரவில்லை.

"தம்பி, அந்தப் பழைய ஃபேன் இருக்குதுங்களா?"

"எதுக்குங்க?"

"நீங்க போயி அரை மணி நேரங்கூட ஆகலீங்க. மறுபடி ஆரம்பிச்சுருச்சு. முன்னால பத்து நிமிசத்துல முடிஞ்சுருமுங்க. இப்ப முடியறதில்லை. ராத்திரியும் பகலும் இழுத்துட்டே இருக்குது. மெசினைத் தூக்கிக் குடோன்ல போட்டுப் பாத்தேன். உடைச்சும் பாத்தேன். அந்த ரூமுக்குள்ள சத்தம் நிக்க மாட்டேங்குதுங்க. அவ கையும் நிக்கறதில்லை. சுவத்தை நீவிட்டு ஒக்காந்திருக்கறா. சோறு தண்ணி இல்லை."

அவர் கொஞ்சம் மூச்சு வாங்கினார்.

"பழசைக் குடுத்தீங்கன்னா அந்த ரூமுலயே வெச்சுப்போடலாமுங்க. அதுலன்னா பையன் பத்து நிமிசத்துல போயிருவான்."

சுரேந்தர் கூடை இருந்த மூலையைப் பார்த்தான். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அது பழைய இரும்புக்குப் போயிருச்சுங்க. அப்பவே."

"எங்க போயிருக்கும்ங்க?"

"உருக்கியிருப்பாங்க."

வெளியே காந்திபுரத்து பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. நஞ்சப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். படியில் ஒரு கால் வைத்தவர் நின்று திரும்பினார். கோபமே இல்லாமல், விலை கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார்.

"அப்ப எம்பையனுக்கு இது முடியவே முடியாதுங்களா தம்பி?"