இடது காதில் வைத்த துடுப்பு

முதலில் நான் சந்தேகப்பட்டது வயரைத்தான்.

நாவற்குடாவில், எங்கள் வீட்டுப் பின்னறையில், ஹெட்போன் மாட்டியபடி கணினி முன் இருந்தேன். கலியாண வீடு, சாமத்திய வீட்டு (பெண்பிள்ளை பெரியவளான சடங்கு) வீடியோக்களுக்கு ஒலி சேர்ப்பது என் தொழில். வேலை இல்லாத நேரங்களில் எனக்கென்று ஒரு சூழலிசையை (மெட்டும் தாளமும் முன்னுக்கு வராமல், ஓர் இடத்துக்குள் இருக்கும் உணர்வை மட்டும் தரும் இசை) பல மாதமாகக் கட்டிக்கொண்டிருந்தேன். வாவி நடுவே தோணியை நிறுத்தி, இரண்டு பக்கமும் மைக் வைத்துப் பதிந்த ஒலிகள் அதன் அடியில் இருக்கும். மேலே மெல்ல நீளும் சுரங்கள். கேட்பவரின் இடப்பக்கம், தூரத்தில், இன்னொரு தோணி புறப்படும். நேர் முன்னால் கடந்து வலப்பக்கம் போய் மறையும். அந்த ஒரு தோணிக்காகத்தான் முழு இசையும்.

என் மனைவி ரஜனியின் அண்ணன் செல்வம் வாவியில் மீன்பிடிப்பவன். பதிவு செய்யப் போனது அவனுடைய தோணியில்தான். பாதி முடிந்ததைக் கேட்கக் கொடுத்தபோது, நெடுநேரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, "எல்லாம் சரி மச்சான், பாட்டு எப்ப துவங்கும்?" என்று கேட்டான். ரஜனி சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று அந்தத் தோணி இடப்பக்கத்திலிருந்து வரவில்லை. நடுவில் திடீரென்று முளைத்து வலப்பக்கம் போனது. இடப்பக்கத்தில் மெல்லிய ஒரு விசில் மட்டும். வயரை மாற்றினேன். பிறகு, பதிவில் இரைச்சல் ஏறிவிட்டது என்று நினைத்து, அந்த விசிலின் சுருதியைத் தேடி ஒவ்வொரு அடுக்கிலும் வெட்டினேன். விசில் குறையவில்லை. துடுப்பு நுனியிலிருந்து சொட்டும் நீரின் ஒலிதான் காணாமல் போனது. வயரை மாற்றினேன். கடைசியில் ஹெட்போனைக் கழற்றி, வலது இடது மாற்றி மாட்டினேன். பழுது ஹெட்போனிலோ பதிவிலோ என்றால் விசில் இப்போது வலப்பக்கம் கேட்க வேண்டும். அது இருந்த இடத்திலேயே இருந்தது.

ஹெட்போனை மேசையில் வைத்தேன். அப்போதும் விசில் நிற்கவில்லை.

"காதுக் குறும்பியாயிருக்கும்" என்றாள் ரஜனி. எனக்கும் அதை நம்பத்தான் விருப்பம். எண்ணெய் விட்டோம். பஞ்சு வைத்தோம். இன்றைக்குச் சரியாகும், நாளைக்குச் சரியாகும் என்று ஒரு கிழமைக்கு மேல் போய்விட்டது. அதற்குள் இடது காதில் டெலிபோன் வைத்தால் எதிரில் ஆளே இல்லாதது போல இருந்தது. இதை வாசிக்கும் உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ ஒரு காது சட்டென்று மங்கினால், எண்ணெய்ப் போத்தலைத் தேடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த நோய்க்கு மருந்து வேலை செய்யும் காலம் மிகக் குறுகியது.

காது மூக்கு தொண்டைப் பிரிவில் இருந்த பெண் வைத்தியர் இசைக்கவையை (தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் இரும்புக் கவை) முழங்கையில் தட்டி, அதன் அடியை என் நெற்றி நடுவே வைத்தார்.

"எந்தப் பக்கம் கேக்குது?"

இடது என்று சொல்ல ஆசையாக இருந்தது. "வலது" என்றேன்.

"அடைப்பு எண்டா அடைச்ச பக்கந்தான் கூடக் கேக்கும். எலும்பு வழியா வாற சத்தம் உங்களுக்கு நல்ல காதுக்குப் போகுது. இது நரம்புப் பிரச்சினை."

திடீர் நரம்புசார் செவிக்குறைவு (உட்காதோ அதன் நரம்போ சட்டென்று செயலிழப்பது) என்று நோய்க்குப் பெயர். டினிடஸ் (வெளியே சத்தமில்லாமல் காதுக்குள் கேட்கும் இரைச்சல்) அந்த விசிலின் பெயர். ஏன் வந்தது என்று கேட்டேன். பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை என்றார். திரும்பி வருமா என்று கேட்டேன்.

"சில பேருக்கு வரும். சில பேருக்குப் பாதி வரும். சில பேருக்கு வராது. முதல்ல மருந்தைத் துவங்குவம்."

ஸ்டீரொய்ட் (வீக்கத்தை அடக்கும் வீரியமான மருந்து) குளிசைகளை விழுங்கினேன்; அவை தூக்கத்தைத் தின்றன. முகம் ஊதியது. காரணமில்லாமல் ரஜனியின் மேல் எரிந்து விழுந்தேன். குளிசை பலிக்காததால் செவிப்பறை ஊடாக ஊசி போட்டார்கள். ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் வீட்டுக்கு வந்து இடது காதருகே விரல்களை உரசிப் பார்ப்பேன். வேண்டாத தெய்வமில்லை. நான் அழுததை ரஜனி பார்க்கக் கூடாதென்று கிணற்றடியில் நின்று முகம் கழுவிக்கொண்டே இருந்தேன்.

ஒரு காது போனால் பாதி குறையும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். போனது பாதியல்ல, திசை. ரஜனி கூப்பிட்டால் வீட்டில் எங்கிருந்து கூப்பிடுகிறாள் என்று தெரியாது. தெருவில் ஹோர்ன் கேட்டால் எந்தப் பக்கம் ஒதுங்குவதென்று தெரியாமல் நடுவில் நிற்பேன். வலப்பக்கம் சரிந்து படுத்தால் உலகமே அணைந்துவிடும், விசிலைத் தவிர. ஒலியை இடம் பார்த்து வைப்பதே தொழிலாக இருந்தவனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? இருந்து என்ன பயன் என்று பல நாள் நினைத்தேன்.

ஒரு மாலை செல்வம் வந்தான். "வீட்டுக்குள்ளயே கிடந்து என்ன செய்யப் போறீங்க மச்சான்? வாங்க, ஆத்துக்குப் போயிற்று வருவம்" என்று கையைப் பிடித்து இழுத்தான். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். பொழுது சாய்ந்து, தண்ணீர் அசையாமல் கிடந்தது. மீன் பாடுமென்று சொல்லும் இடத்தில் தோணியை நிறுத்தி, துடுப்பின் அலகைத் தண்ணீருக்குள் விட்டு, பிடியை என்னிடம் நீட்டினான். அதைக் காதோடு அழுத்தி மீனின் பாட்டைக் கேட்பது இந்த ஊரில் பிறந்த எல்லாருக்கும் தெரிந்த விளையாட்டு.

பிடிவாதமாக இடது காதில் வைத்தேன்.

கேட்டது. ஈரக் கோப்பை விளிம்பில் விரலை ஓட்டினால் வருவது போல, நீண்டு, அடங்கி, மறுபடியும் நீண்டது.

"கேக்குது!" என்று கத்தினேன். "செல்வம், இடது காதில கேக்குது!"

அவன் என்னைக் கட்டிப்பிடித்ததில் தோணி ஒரு பக்கம் சரிந்தது. கரைக்கு வருமுன்னே ரஜனிக்குக் கோல் எடுத்தான். அன்று வீட்டில் பாயாசம் காய்ச்சினாள். பல வாரங்களுக்குப் பிறகு அன்று தூங்கினேன்.

அடுத்த கிளினிக்கில், துடுப்பில் கேட்டதை வைத்தியரிடம் அவசர அவசரமாகச் சொன்னேன். அவர் இசைக்கவையைத் தட்டி, என் இடது காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் வைத்தார்.

"கேக்குது, கேக்குது" என்றேன்.

கவையை எடுக்காமலே, மற்றக் கையால் மேசையிலிருந்த ஒரு கடதாசியை எடுத்து, என் வலது காதோடு வைத்துக் கசக்கினார். சரசரவென்ற இரைச்சல் காதை நிறைத்தது. இடப்பக்கத்து ஒலி போய்விட்டது. கசக்குவதை நிறுத்தினார். ஒலி வந்தது. கசக்கினார். போனது.

"அது இந்தக் காது கேட்ட சத்தம்" என்று வலது தோளைத் தொட்டுச் சொன்னார். "துடுப்பு எலும்பைத் தொட்டது. எலும்பு அங்கால, நல்ல காதுக்குக் கொண்டுபோய்க் குடுத்திருக்கு."

முதல் நாளே அவர் சொன்னதுதான். எனக்குத் தெரிந்ததுதான். கட்டை தொட்ட இடத்தைக் கேட்ட இடமென்று நம்ப எனக்கு அவ்வளவு ஆசை இருந்திருக்கிறது. வெளியில் வாங்கில் உட்கார்ந்திருந்த ரஜனி என் முகத்தைப் பார்த்ததும் எழும்பி, என் வலப்பக்கம் வந்து நடந்தாள். அன்றிலிருந்து அவள் நடப்பதும் படுப்பதும் அந்தப் பக்கந்தான்.

அதற்குப் பிறகும் காது வரவில்லை. இனி வரும் என்று யாரும் சொல்லவுமில்லை.

இசையை முடித்தேன். எப்படி என்று என்னைப் போன்ற ஒருவர் கேட்கக்கூடும். முதலில், விசிலுக்காக வெட்டியதையெல்லாம் திரும்பச் சேர்த்தேன். துடுப்பிலிருந்து நீர் மறுபடி சொட்டியது. பிறகு ஒரு நிமிடத்தின் வலப்பாதியைக் கேட்பேன். ஹெட்போனை மாற்றி மாட்டி, அதே நிமிடத்தின் இடப்பாதியைக் கேட்பேன். இரண்டும் சேர்ந்த நிமிடம் எனக்கு இல்லை. தோணி புறப்படுவது ஒரு தடவை, போய்ச் சேர்வது இன்னொரு தடவை. அது கடக்கும் நடு இடத்தைக் கணக்குப் போட்டுத்தான் வைத்தேன்.

முடிந்ததைச் செல்வத்திடம் கொடுத்தேன். பின்னறையில், கதிரையில், ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தான். எப்ப துவங்கும் என்று இந்த முறை கேட்கவில்லை. நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சற்றுப் பொறுத்துக் கண்ணைத் திறந்து, சடாரென்று இடப்பக்கம் கிறுகிப் பார்த்தான்.

"ஆரோ வாறாங்க மச்சான்."

நானும் அந்தப் பக்கம் திரும்பினேன். சுவர் இருந்தது. எனக்கு விசில் கேட்டது.