கை படாத நிஜாம் நோட்டு

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. எலுமிச்சம்பழம் பொறுக்கிப் பழகிய விரல்களுக்குப் பேனா இன்னும் பிடிபடவில்லை. எழுத்துப் பிழைகளை டைப் செய்யும் தம்பி திருத்திக்கொள்ள வேண்டும். நம் சேகரிப்பாளர் மலரில் எல்லோரும் ஐதராபாத், பம்பாய் என்று போய் வந்ததை எழுதுகிறார்கள். நான் போனது புளியங்குடியிலிருந்து சங்கரன்கோவில். பதினேழு கிலோமீட்டர் இருக்கும்.

புளியங்குடி எலுமிச்சை மண்டியில் பழங்களைத் தரம் பிரிப்பது என் வேலை. சமஸ்தானத்துப் பணத்தாள்கள் சேர்ப்பது என் பழக்கம். என்னிடம் இருப்பவை எல்லாம் குஜராத் பக்கத்துச் சின்ன ராஜாக்கள் போட்ட அட்டைத் துண்டுகள். உலகப்போர்க் காலத்தில் சில்லறைக் காசு கிடைக்காமல் போனபோது மோர்வி, ஜூனாகத் போன்ற சமஸ்தானங்கள் காசுக்குப் பதிலாக அவற்றை அச்சடித்துக் கொடுத்தன. நம் பக்கத்தில் செங்கோட்டை வரை திருவிதாங்கூராக இருந்தது. அவர்கள் காசு இன்றும் கிடைக்கிறது, தாளாக ஒன்றை நான் கண்டதில்லை. நிஜாமுடைய நோட்டு ஒன்று மட்டும் வேண்டும் என்று பல வருடமாக ஆசை.

இவற்றை மண்டியில் யாருக்கும் நான் காட்டியதில்லை. எங்கள் எல்லோர் கையிலும் எலுமிச்சைச் சாறு. சாறு பட்டால் காகிதம் பழுத்துவிடும். வீட்டில் சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் காய்ந்த பிறகு தனியாக உட்கார்ந்து பார்ப்பேன்.

ஆனியில் ஒருநாள் ஊறுகாய்க்குப் பழம் வாங்க ஞானமுத்து அண்ணாச்சி வந்தார். சங்கரன்கோவில்காரர், பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பேச்சுவாக்கில், தன் மாமனார் அந்தக் காலத்தில் செகந்திராபாத்தில் கம்பவுண்டராக இருந்ததாகவும், அவர் கொண்டுவந்த நிஜாம் பத்து ரூபாய் நோட்டு வீட்டு பைபிளுக்குள் கிடப்பதாகவும் சொன்னார். எனக்குக் கையில் இருந்த பழம் நழுவிவிட்டது. அவரே மனைவி கிரேஸ் அக்காவுக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார். போனில் எனக்குப் பேச்சு வராது. "பத்திரம்க்கா. கை படாம வச்சிருங்க" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆடித்தபசு முடிந்த அடுத்த ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குப் பஸ் ஏறினேன். டிக்கெட் பதினெட்டு ரூபாய். மடியில் ஒரு பை நிறைய முதல் தரப் பழம், சட்டைப் பைக்குள் நோட்டை வைக்க ஒரு கெட்டி அட்டை உறை. தென்மேற்குக் காற்று அள்ளிப் போட்டது. மலையை முதுகில் விட்டுக் கிழக்கே போகப் போகப் பசுமை குறைந்து மண் வெளுக்கிறது.

சங்கரன்கோவிலில் திருவிழாப் பந்தல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டோக்காரர் அறுபது ரூபாய் கேட்டார். எனக்குப் பேரம் பேச வராது. பேசாமல் நின்றேன். "சரி அண்ணாச்சி, அம்பது குடுங்க. இப்படி மொறைச்சா நான் என்ன செய்ய?" என்றார். நான் முறைக்கவில்லை.

தறிச் சத்தம் கேட்கும் ஒரு தெருவில் அவர்கள் வீடு. கிரேஸ் அக்காவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கவர்மெண்டு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். நான் உட்காருவதற்குள் காப்பி வந்தது.

"தம்பி, வெலை கிலைன்னு பேசக்கூடாது. பிள்ளைக ரெண்டும் இதைத் திரும்பிக்கூடப் பாக்கல. பாக்குத ஆள்கிட்ட இருக்கட்டும்" என்றார்.

"அப்ப அந்த எலுமிச்சம்பழத்தை இங்கன வையும் வே" என்றார் அண்ணாச்சி. "அதுக்குத்தான் நான் இவ்வளவு பாடுபட்டேன்."

அக்கா உள்ளே போய் ஒரு தட்டில் வைத்து நோட்டைக் கொண்டுவந்தார். ஜன்னல் வெளிச்சம் பட்டதும் அது பளபளவென்று மின்னியது. லேமினேஷன் செய்திருந்தார்கள்.

சேகரிக்காதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். அந்தப் பிளாஸ்டிக்கைச் சூட்டில் உருக்கித் தாளோடு ஒட்டுகிறார்கள். பிறகு பிரித்தால் தாளும் சேர்ந்து கிழியும். அப்படிப்பட்ட நோட்டை எந்தக் கண்காட்சியிலும் வைக்க விடமாட்டார்கள்.

"நீங்க கை படாம வைக்கச் சொன்னீங்கள்லா? ஆதார் கார்டுக்குப் போட்ட கடையிலேயே போட்டேன். அந்தப் பையன் ஓரத்தை வெட்டப் பாத்தான். விடல. பக்கத்திலேயே நின்னேன்" என்றார் அக்கா.

உருது, இங்கிலீஷ், தெலுங்கு, மராத்தி, கன்னடம் எல்லாம் அந்தப் பிளாஸ்டிக்குக்குள் தெளிவாகத் தெரிந்தன. நடுவில் மடித்த கோடு. அதன் மேல் ஒரு காற்றுக் குமிழி.

"என்ன வே, பேயறைஞ்ச மாதிரி இருக்கீரு? கள்ள நோட்டா?" என்றார் அண்ணாச்சி.

"நீங்க சும்மா இருங்க. தம்பி, சரியாத்தானே செஞ்சிருக்கேன்?"

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு முடித்தவுடன் இப்படித்தான் பார்த்திருப்பார் என்று தோன்றியது.

"இனிமே யார் கையும் படாதுக்கா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தட்டோடு நீட்டினார்.

ஐந்து மணி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த நோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். அட்டை உறைக்குள் வைக்கவில்லை. இனி எதற்கு உறை? பக்கத்தில் பூக்கூடையோடு இருந்த அம்மா, "அது என்ன, கேரளா லாட்டரியா?" என்று கேட்டார். நிஜாம் நோட்டு என்றேன். கையை நீட்டினார். ஈரக் கை. வழக்கம்போல் என் உடம்பு பின்வாங்கியது. பிறகுதான் நினைவு வந்தது. கொடுத்துவிட்டேன்.

அவரிடமிருந்து பின் சீட்டுக்குப் போனது. தொப்பி போட்ட பாய் ஒருவர் உருது எழுத்தை விரலால் தொட்டு மெதுவாகக் கூட்டிப் படித்தார். காலேஜ் பிள்ளைகள் இருவர் போட்டோ எடுத்தார்கள். கண்டக்டர் வாங்கித் திருப்பிப் பார்த்து, "அண்ணாச்சி, இதுக்கு எங்கிட்ட சில்லறை கிடையாது" என்றார். பஸ்ஸே சிரித்தது. "எத்தனை பாஷை? தமிழ் இல்லையா?" என்று யாரோ கேட்டார்கள். எழுந்து நின்று பதில் சொன்னேன். ஓடும் பஸ்ஸில் நான் எழுந்து நின்று பேசியது அதுதான் முதல் தடவை.

இப்போது அந்த நோட்டு மண்டியில், என் டிபன் பையில் இருக்கிறது. சாற்றுக் கையோடு எல்லோரும் வாங்கிப் பார்க்கிறார்கள். துடைத்தால் போகிறது. வீட்டில் இருக்கும் நல்ல தாள்களை இன்னும் நான் ஒருவன்தான் பார்க்கிறேன்.

ஆனாலும் அக்காவிடம் உண்மையைச் சொல்லாதது உறுத்திக்கொண்டே இருந்தது. மலருக்கு எழுதினால் அவர் கண்ணில் படும், எழுதாவிட்டால் இன்னொரு வீட்டில் இன்னொரு நோட்டு அந்த மிஷினுக்குள் போகும். ஆறு மாதம் கழித்து நேற்றுதான் போன் செய்தேன். முழுவதையும் சொன்னேன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா? நர்ஸுகிட்ட வந்து கை படக்கூடாதுன்னா, நான் சீல் பண்ணாம என்ன செய்வேன்?" என்றார். பிறகு கேட்டார்: "அதைத் தூரப் போட்டுட்டீங்களா தம்பி?"

பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன். மண்டியையும் சொன்னேன்.

"அப்ப எழுதிப் போடுங்க. என் பேரையும் போட்டே எழுதுங்க."

எழுதிவிட்டேன். தை மாதம் 18, ஞாயிற்றுக்கிழமை.