குதிரை மேல் விழுந்த காய்ச்சல் பழி

அன்றைக்கு கொடைக்கானல் மலையில் எங்கள் அட்டுவம்பட்டி வீட்டில் இருந்தவர்கள்: நான், காய்ச்சல் இறங்கிக் கட்டிலில் சோர்ந்து படுத்திருந்த என் வீட்டுக்காரி, அவளைப் பார்க்கக் கீழ்மலைப் பெரும்பாறையிலிருந்து எஸ்டேட் ஜீப்பில் வந்த அவள் தம்பி, மலைக்குக் கீழேயிருந்து ஆராய்ச்சிக்கு வந்த டாக்டரம்மா, அவருக்கு ஐஸ் பெட்டி தூக்கி வந்த ஆள், கொட்டகையில் என் குதிரை, ஜீப்பில் மச்சினனின் நாய். நாயை யாரும் கூப்பிடவில்லை. அதுவாக ஏறி வந்தது.

நான் ஏரிக்கரையில் குதிரைச் சவாரி விட்டுப் பிழைக்கிறவன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டாச்சு. படித்தவர்கள் எதற்குக் கவலைப்படுவது என்று தேர்ந்தெடுத்துக் கவலைப்படுவார்கள். எனக்கு அந்தப் பயிற்சி இல்லை, கண்டதற்கெல்லாம் படுவேன்.

அந்தத் தடவை கவலைக்குக் காரணம் இருந்தது. வீட்டுக்காரிக்குக் காய்ச்சல் விட்டபாடில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். டைபாய்டு இல்லை, டெங்கு இல்லை, மலேரியா இல்லை என்று தாள் தாளாக வந்தது. இல்லாததை எல்லாம் கண்டுபிடித்துவிட்டார்கள், இருந்தது மட்டும் சிக்கவில்லை. கடைசியில் படுக்கை விரிப்பு மாற்ற வந்த நர்ஸ்தான் அவள் முழங்காலுக்குப் பின்னால் பீடியால் சுட்டது போலக் கறுப்பாக ஒரு பொருக்கைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டது. டாக்டர் ஓடி வந்தார், மாத்திரையை மாற்றினார், காய்ச்சல் மடமடவென்று இறங்கியது.

"பூச்சி கடிச்சு வந்த காய்ச்சல். எந்தப் பூச்சின்னு இங்க தெரியாது. ரத்தத்தைக் கீழ அனுப்பி, கிருமி என்ன வகைன்னு பிரிச்சுப் பார்க்கணும்" என்றார்.

பூச்சி என்றதும் தெருவே என் குதிரையைத் திரும்பிப் பார்த்தது. வீட்டுக்காரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

"ஏங்க, குதிரை உண்ணிதான் காரணம்னு ரிசல்ட் வந்துச்சுன்னா, அன்னைக்கே அதை வித்துருங்க. எனக்கு இன்னொரு தடவை செத்துப் பொழைக்கத் தெம்பில்லை."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் குதிரையை விற்றுவிட்டு ஏரிக்கரையில் நான் எதை ஓட்டுவது?

இந்த நிலையில்தான் டாக்டரம்மா வருவதாகத் தகவல். குதிரையில் உண்ணி எடுத்துப் போய், அதற்குள் இருக்கும் கிருமியையும் இவள் ரத்தத்தில் இருந்த கிருமியையும் ஒப்பிடப் போகிறார்களாம். வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் நாம் என்ன செய்வோம்? கூட்டிப் பெருக்குவோம். நானும் முதல் நாளே குதிரைக்கு உண்ணி மருந்து போட்டு, சுடுதண்ணீர் வைத்துத் தேய்த்து, காது மடல், வால் அடி என்று ஒரு இடம் விடாமல் சீவித் துடைத்து நிறுத்திவிட்டேன். படித்த பொம்பளை வந்து நம் குதிரையில் உண்ணியைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்ற மானப் பிரச்சினை.

டாக்டரம்மா முதலில் கட்டிலருகே உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். கிருமிக்குள் எழுத்துப் போல ஏதோ இருக்கிறதாம். அதைப் படித்தால் அது எந்த வகை, எந்தப் பக்கத்துக் கிருமிக்கு நெருங்கின சொந்தம் என்பதெல்லாம் தெரிந்துவிடுமாம்.

"அது தெரிஞ்சா, இனி வந்தா காய்ச்சல் வெரசா போயிருமா?" என்று கேட்டாள் வீட்டுக்காரி.

"இல்லம்மா, மருந்து பெரும்பாலும் ஒண்ணுதான்."

"என்னையப் பொண்ணு கேட்டு வந்தப்போ மாப்பிள்ளை பத்திக்கூட எங்க வீட்ல இம்புட்டு விசாரிக்கலை" என்று என்னைப் பார்த்தாள்.

கொட்டகைக்குப் போனோம். டாக்டரம்மா கையுறை மாட்டி, சின்ன இடுக்கியோடு குதிரையைச் சுற்றிச் சுற்றி வந்தார். காதில் பார்த்தார், வயிற்றில் பார்த்தார், குனிந்து தொடை இடுக்கில் பார்த்தார்.

"என்னங்க, ஒண்ணுகூட இல்லையே!"

"சுத்தமா வச்சிருக்கேங்க மேடம்" என்றேன் பெருமையாக.

அவர் முகம் வாடிப்போனது. சுத்தத்தைப் பார்த்து ஒரு டாக்டர் துக்கப்பட்டதை அன்றைக்குத்தான் கண்டேன். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் காப்பி போட உள்ளே போனேன்.

டம்ளர்களோடு திரும்பி வந்தால் எல்லோர் முகத்திலும் சிரிப்பு. டாக்டரம்மா கையில் ஒரு சின்னக் குப்பி, அதற்குள் கொழுத்த உண்ணிகள் நெளிந்துகொண்டிருந்தன.

"வால் மடிப்புல இருந்துச்சு மாமா. நீங்க சரியாப் பாக்கலை" என்றான் மச்சினன்.

அந்த வாலை நான் எவ்வளவு தேய்த்திருக்கிறேன்! ஐஸ் பெட்டிக்காரர் குப்பி மேல் "குதிரை, கொடைக்கானல்" என்று எழுதி ஒட்டினார். அவர்கள் வண்டி திருப்பத்தைத் தாண்டிய பிறகுதான் மச்சினன் வாயைத் திறந்தான்.

"நாய் காதுல பிடுங்கினது மாமா. இம்புட்டுத் தூரம் மலையேறி வந்தவங்களை வெறுங்கையோட அனுப்புறதா?"

"ஏலே! அதை நாய் உண்ணின்னே குடுத்திருக்கலாமேடா!"

"கேட்டேனே. அவங்க திட்டத்துல குதிரை மட்டும்தானாம். நாய்க்கு வேற திட்டமாம், வேற ஆளுங்களாம்."

"நாளைக்கு உன் நாயோட கிருமியால என் குதிரையை விக்கணும்னு வந்தா?"

அவன் தலையைச் சொறிந்தான். "அவங்க முகம் வாடிப்போச்சு மாமா, பாக்கச் சகிக்கலை."

உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். ஐஸ் பெட்டிக்காரர்தான் எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும், "குப்பிக்கு நம்பர் போட்டு வச்சாச்சுங்களே. நம்பர் போட்டதை மாத்த முடியாது" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எத்தனை தடவை அடித்தும் எடுக்கவில்லை.

ரிசல்ட் வர மாசக்கணக்கானது. வீட்டுக்காரி கொட்டகைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ஏரிக்கரையில் மற்ற குதிரைக்காரர்கள், "என்னப்பா, உன் குதிரை பாஸா ஃபெயிலா?" என்று தினமும் விசாரித்தார்கள்.

ஒருநாள் டாக்டரம்மாவே கூப்பிட்டார். வீட்டுக்காரியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா ரத்தத்துல இருந்த கிருமியும் உண்ணியில இருந்த கிருமியும் வேற வேறங்க" என்றார். நான் மூச்சு விடுவதற்குள் அவர் குரல் துள்ளியது. "இன்னொரு அதிசயம் கேளுங்க. குதிரை மேல இருந்தது நாய் உண்ணி! அதுக்குள்ள இருந்த கிருமி, கீழ்மலை எஸ்டேட் நாய்கள்ல கிடைச்ச அதே வகை. இது எப்படி இம்புட்டு உயரம் ஏறி வந்துச்சுன்னு ஒரு கட்டுரை எழுதிக்கிட்டு இருக்கோம்."

"ஜீப்புல ஏறி வந்துச்சுங்க மேடம்."

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். "கட்டுரை பாதி எழுதியாச்சே" என்று முனகினார்.

வீட்டுக்காரி போனைப் பிடுங்கினாள். "அப்ப நாய் உண்ணிய வச்சுத்தான் குதிரைக்கு விடுதலையா? அது எப்படிங்க ஒத்துக்கிறது?"

"குதிரை உண்ணியே தேவையில்லம்மா. உங்க ரத்தத்துல இருந்த வகையை உண்ணி கொண்டு வராது. புல்லு, புதர்ல இருக்கிற கண்ணுக்கே தெரியாத பூச்சி ஒண்ணு, அதோட குஞ்சு கடிச்சு வர்றது. காய்ச்சலுக்கு முன்னால புதர்ப் பக்கம் போனீங்களா?"

"தினமும் போவேனே."

"எதுக்கு?"

"இந்தக் குதிரைக்குப் புல்லறுக்க."

கொட்டகையில் குதிரை தும்மியது.

போனை வைத்துவிட்டு வீட்டுக்காரி கொட்டகை வாசல் வரை போய்க் குதிரையைப் பார்த்தாள். "வாயில்லாத சீவன் என்ன செய்யும்? இருந்துட்டுப் போகுது. ஆனா இனிமே புல்லு நீங்கதான் அறுக்கணும்" என்றாள்.

மறுநாள் வெள்ளனே கிளம்பினேன். ரப்பர் பூட்ஸ், அதற்குள் இரட்டைச் சாக்ஸ், கால்சட்டையைச் சணலால் கட்டி, கை கழுத்தெல்லாம் வேப்பெண்ணெய் பூசி, அரிவாளோடு புதர் ஓரம் வரை போனேன். அங்கேயே நின்றேன். கண்ணுக்குத் தெரிகிற பூச்சி என்றால் பார்த்துப் பயப்படலாம். தெரியாததை எங்கே பார்த்துப் பயப்படுவது? வெறும் சாக்கோடு வீடு திரும்பினேன்.

அன்றிலிருந்து குதிரைக்குக் கடைவீதி பாய் கடையில் வைக்கோல்தான், கடனுக்கு. "புல்லுக்குப் பயந்த மனுசன் நீங்க ஒருத்தர்தான்" என்று சொல்லிக்கொண்டே கட்டைத் தூக்கிப் போடுகிறார். சீசன் வந்ததும் தந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்றைய தேதிக்கு அவருக்கு நான் தர வேண்டியது நாலாயிரத்து முந்நூறு ரூபாய்.